வீட்டுக்குள்ள பளபளப்பு, படிக்கட்டுல இருட்டு: சோவியத் காலத்து ஊருங்க ஏன் இப்படி ஆச்சு?

பனிக்காலப்பறவை
மக்களே வணக்கம். ரொம்ப நாளா மனசுல கெடக்கற ஒரு விசயத்த கேக்கறேன், அந்தப் பக்கம் இருந்தவங்க, கட்டடம் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

நான் 2011ல இருந்து 2017 வரைக்கும் கிர்கிஸ்தான்ல, பிஷ்கெக்ல மருத்துவம் படிச்சேன். மொத ரெண்டு வருசம் ஹாஸ்டல், அப்புறம் நாங்க மூணு பேரு சேந்து ஊருக்குத் தெக்கால ஒரு மைக்ரோரயோன்ல, அதாவது சோவியத் காலத்து அடுக்குமாடிக் குடியிருப்புல ஃப்ளாட் எடுத்தோம், 9 மாடி கட்டடம், நாங்க 7வது மாடி. வீட்டுக்கார அம்மாவ எஜேன்னு கூப்புடுவோம், அவங்க பாசைல அக்கான்னு அர்த்தம்.

அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சா கண்ணு கூசும். வெளிய இரும்புக் கதவு, அதுக்கு உள்ள மெத்தை வச்சுத் தச்ச இன்னொரு கதவு, செருப்ப கழட்டினதும் வீட்டுக்குள்ள போட்டுக்க தனிச் செருப்பு, செவுத்துல கம்பளம், கண்ணாடி அலமாரில கிறிஸ்டல் டம்ளரு, புது ஜன்னல். ஆனா அதே கதவ தொறந்து வெளிய ஒரு அடி வச்சா இருட்டு, படிக்கட்டு ஓரம் பேந்து கெடக்கும், தபால் பொட்டிக்கெல்லாம் மூடியே இருக்காது, லிஃப்ட்டு மொத வருசம் ஓடுச்சு, அப்புறம் நின்னுச்சு, நான் கெளம்பற வரைக்கும் யாரும் அத தொடல. தரைத்தளத்துல ஒரு பாட்டி இருந்தாங்க, வாசல்ல மாட்ற பல்ப யாரோ களவாண்டுட்டே இருந்ததால, பொழுது சாஞ்சதும் ஸ்டூல் போட்டு ஏறி பல்ப மாட்டுவாங்க, காலைல கழட்டி வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போயிருவாங்க. நாலு வருசமும் அதப் பாத்தேன்.

36 வீடு இருக்கு. எல்லாரும் டீச்சர், எஞ்சினியர், நர்ஸ், வீட்ட கோயில் மாதிரி வச்சிருக்கறவங்க. ஆளுக்குக் கொஞ்சம் போட்டா லிஃப்ட்டு ஓடும். ஏன் போடல? சோவியத் ஊரப் பத்தி கம்யூனிசம் நல்லதா கெட்டதான்னே எல்லாரும் பேசறாங்க, எனக்கு இந்தப் படிக்கட்டுதான் புரியணும்.

மேசன்மகள்
நல்ல கேள்வி தம்பி. நான் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர், செவுத்த பலகை பலகையா ஃபேக்டரில வார்த்து ஒட்டற பேனல் கட்டடம்தான் எனக்குப் பிடிச்ச சப்ஜெக்ட்டு, அதனால கட்டடத்துல இருந்தே ஆரம்பிக்கறேன், கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்கோங்க.

ஸ்டாலின் செத்தது 1953ல. 1954 டிசம்பர்ல கட்டடத் தொழில் மாநாட்டுல அவருக்கு அப்புறம் வந்த தலைவர் குருஷேவ் பேசினாரு, தூணு, கோபுரம், சிற்பம்னு காச கொட்டறீங்க, ஜனங்களுக்கு வீடு இல்லன்னு கட்டடக்கலைஞர்கள நேருக்கு நேரா வச்சு வாங்கினாரு. 1955 நவம்பர்ல அது அரசாணையா வந்துச்சு, அலங்காரம் கூடாதுன்னு. 1957ல இன்னொரு ஆணை, வீட்டுப் பஞ்சத்த பத்துப் பன்னெண்டு வருசத்துல ஒழிக்கணும்னு. அதுல இருந்துதான் நீங்க பாத்த உலகம் பொறக்குது.

அதுக்கு முன்னாடி ஜனங்க எங்க இருந்தாங்கன்னா கொமுனால்கா. ஒரு பழைய பணக்கார வீட்ட ரூமு ரூமா பிரிச்சு, ரூமுக்கு ஒரு குடும்பம், ஏழெட்டு குடும்பத்துக்கு ஒரே சமையக்கட்டு ஒரே கக்கூஸ். கல்யாணம் ஆன மகனும் மருமகளும் தெரச்சீலைக்கு அந்தப் பக்கம். அந்த ஜனங்ககிட்ட போய், இந்தா சாவி, உங்க குடும்பத்துக்கு மட்டும் ஒரு கதவுன்னு குடுத்தா எப்படி இருந்திருக்கும்? வீடு சின்னதுதான். கூரை 2.5 மீட்டர், சமையக்கட்டு 6 சதுர மீட்டருக்கும் கம்மி, குளியலறையும் கக்கூஸும் ஒண்ணு, 5 மாடி, லிஃப்ட்டு கெடையாது. சமையக்கட்டு ஜன்னலுக்குக் கீழ செவுத்த மெலிசாக்கி ஒரு மாடம் வச்சிருப்பாங்க, குளிர்காலத்துல அதான் ஃபிரிட்ஜு. ஆனா அது அவங்க வீடு.

வேகம் எப்படி வந்துச்சுன்னா, வீட்ட ஃபேக்டரில செஞ்சாங்க. செவுரு முழுசும் ஒரே பலகையா, ஜன்னல் சட்டத்தோட வார்த்து லாரில நிக்க வச்சு கொண்டாருவாங்க, டவர் கிரேன் தூக்கி வைக்கும், இரும்புத் துண்ட வெல்டிங் பண்ணி இடுக்க அடைப்பாங்க, அவ்ளோதான். மாஸ்கோல லாகுத்தென்கோன்னு ஒரு எஞ்சினியர் வடிவமைச்ச கே-7 வரிசைதான் இதுல ரொம்பப் பிரபலம். கட்டடமெல்லாம் ஏன் நேர் கோட்டுல வரிசையா நிக்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா? அந்தக் கிரேன் தண்டவாளத்து மேல ஓடும். தண்டவாளம் நேரா போட்டா வேல சுருக்கா முடியும், ஒரு தடவ போட்ட தண்டவாளத்துல நின்னு ரெண்டு பக்கமும் கட்டிறலாம். ஊரோட வரைபடத்துல பாதி கிரேனோட கை நீளம் போட்ட கோடு. இத மொத மொதலா படிச்சப்ப அன்னிக்கு நான் தூங்கல, எங்கப்பா கொத்தனாரு, ஒவ்வொரு கல்லா எடுத்து வச்சவரு.

ராஜபாட்டை
எத்தன சொன்னாலும் தீப்பெட்டி தீப்பெட்டிதான் மேடம். ஸ்டாலின் காலத்துக் கட்டடங்களப் பாருங்க, 3 மீட்டருக்கு மேல கூரை, அகலமான தெரு, 1935 மாஸ்கோ திட்டத்துல கார்க்கி தெருவ அகலப்படுத்த பெரிய பெரிய கட்டடத்த உருளை மேல வச்சு அப்படியே பின்னாடி நகத்தினாங்க. அது நகரம். இது கிடங்கு.

மேசன்மகள்
அழகுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது யாருக்குக் கெடச்சுதுன்னு பாருங்க. கட்சில மேல இருந்தவங்க, விஞ்ஞானிங்க, நடிகருங்க. அந்தத் தெருவுக்குப் பின்னாடி சந்துல மரக்கொட்டகைல பாய் போட்டுப் படுத்திருந்தவங்களுக்கு அந்தக் கூரை உயரத்துல என்ன பிரயோசனம்? அதே ஸ்டாலின் காலத்துல சோவியத் மாளிகை கட்டணும்னு 1931ல இயேசு ரட்சகர் பேராலயத்த வெடி வச்சுத் தகத்தாங்க, மாளிகை வரவே இல்ல, அந்தக் குழில 1960ல நீச்சல் குளம் தொறந்தாங்க, சோவியத் போனதுக்கு அப்புறம் மறுபடி அதே எடத்துல பேராலயம் கட்டினாங்க. அந்தப் பணத்துக்கு எத்தன குடும்பத்துக்குக் கதவு கெடச்சிருக்கும்.

இன்னொண்ணு, வெறும் கட்டடத்த மட்டும் பாக்காதீங்க. மைக்ரோரயோன்னா ஒரு கணக்கு. நடுவுல பள்ளிக்கூடம், பால்வாடி, கொஞ்சம் தள்ளி கிளினிக்கு, கடை. கொழந்த பெரிய ரோட்ட தாண்டாம ஸ்கூலுக்குப் போகணும். நடக்கற தூரம் 500 மீட்டர் மாதிரி. நம்ம ஊருல புறநகர்ல ஃப்ளாட் வாங்கி பக்கத்துல பால் பாக்கெட் வாங்கவே வண்டி எடுக்கறவங்களுக்கு இது புரியும். கட்டடத்த மொதல்ல முடிச்சு கடையும் கிளினிக்கும் வருசக்கணக்கா வராம விட்டதும் நடந்துச்சு, அதையும் சொல்லணும்.

வால்காவாசி
மாஸ்கோல 9 வருசமா இருக்கேன், ஐடி வேல. பறவை தம்பி கேட்ட படிக்கட்டு கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பதில சொல்றேன், இதுதான் முழுக் கதையோட முடிச்சுன்னு நான் நெனைக்கறேன்.

சோவியத் ஊருங்கள்ல பெரும்பாலான ஃப்ளாட்டு குடியிருந்தவங்களுக்குச் சொந்தம் இல்ல. நகராட்சியோ ஃபேக்டரியோ குடுக்கும், நீங்க குடியிருக்கலாம், புள்ளைங்க தொடரலாம், வாடகை ரொம்பக் கம்மி. வித்துட முடியாது. ப்ரொபீஸ்கான்னு முகவரிப் பதிவு இருந்துச்சு, அது இல்லாம பெரிய ஊருல தங்கவே முடியாது. குழாய், கூரை, லிஃப்ட்டு, வாசல் எல்லாம் அரசாங்கம் பாத்துக்கும், நல்லா பாத்துச்சோ இல்லையோ அது அவங்க வேல. 1991 ஜூலைல ரஷ்யால சட்டம் வந்துச்சு, இருக்கற வீட்ட இலவசமா உங்க பேருக்கு எழுதிக்கலாம்னு. மத்த குடியரசுகள்லயும் 90கள்ல இதே மாதிரி. ஒரே கையெழுத்துல கோடிக்கணக்கான குடும்பம் வீட்டுச் சொந்தக்காரங்க ஆயிட்டாங்க, உலகத்துல எங்கயும் அவ்வளவு சீக்கிரம் நடந்ததில்லன்னு தோணும்.

ஆனா எழுதிக் குடுத்தது என்ன? கதவுக்கு உள்ள இருக்கறது. அந்த நாலு செவுரு. கூரை? அடித்தள குழாய்? லிஃப்ட்டு? மரம் நிக்கற முத்தம்? தாள்ல எப்படி எழுதியிருந்தாலும் மனசுல அது யாருக்கும் சொந்தம் இல்ல. அரசாங்கத்துகிட்ட காசு தீந்துபோச்சு, ஜனங்ககிட்ட சம்பளமே வரல, பணவீக்கத்துல சேமிப்பு கரைஞ்சுபோச்சு. கைல இருந்த கொஞ்ச நஞ்சத்த தன் கதவுக்கு உள்ள போட்டாங்க. உங்க எஜே வீட்டு கிறிஸ்டலும் பாட்டி வீட்டு பல்பும் அந்த ஒரே கோட்டோட ரெண்டு பக்கம் தம்பி.

நெய்வேலிக்காரன்
வால்கா அண்ணே, சும்மா நெஞ்சுல குத்துன மாதிரி இருக்கு. நான் நெய்வேலி டவுன்ஷிப்புல பொறந்து வளந்தவன். எங்க மொத அனல் மின் நிலையமே சோவியத் உதவில வந்ததுதான். எங்களுக்கும் தெரு பேரு முக்கியம் இல்ல, வட்டம் 5, வட்டம் 16னு நம்பர்தான் முகவரி. ஸ்கூல், ஆஸ்பத்திரி, மார்க்கெட்டு, தண்ணி, கரண்டு எல்லாம் கம்பெனி பாத்துக்கும். எங்கப்பா ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸ காலி பண்ணி வெளிய வந்தப்பதான் கொழாய்ல தண்ணி வரலன்னா யார கேக்கறதுன்னே தெரியாம நின்னோம். அங்க ஃபேக்டரியே ஊர நடத்துன எடத்துல ஃபேக்டரி விழுந்தா என்ன ஆச்சு?

வால்காவாசி
அதுக்குப் பேரு மொனோகோரத், ஒத்தத் தொழில் ஊரு. ரஷ்யாவோட அரசாங்கப் பட்டியல்லயே 300க்கு மேல இருக்கு. பெரிய உதாரணம் தல்யாத்தி. பழைய ஊரு வால்கா அணை நீர்த்தேக்கத்துல முழுகிப்போய் 1950கள்ல மேட்டுல புதுசா கட்டினாங்க, 1966ல இத்தாலி ஃபியட் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு கார் ஃபேக்டரி, 1970ல மொத கார். ஃபேக்டரிக்காகவே ஒரு முழு மாவட்டம் கட்டினாங்க.

ஆனா நெய்வேலி தம்பி கேட்டதுக்கு சரியான பதில் பிக்கல்யோவோ. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு கெழக்கால சின்ன ஊரு. ஃபேக்டரியோட வெப்ப நிலையம்தான் ஊருக்கே சுடுதண்ணி குடுக்கும். 2009ல ஃபேக்டரி படுத்துச்சு, கேஸ் பாக்கி கட்டல, கேஸ நிறுத்தினாங்க, ஊருக்கே சுடுதண்ணி நின்னுச்சு. சம்பளமும் இல்ல. ஜூன் மாசம் ஜனங்க நெடுஞ்சாலைல போய் உக்காந்துட்டாங்க, கிலோமீட்டர் கணக்கா வண்டி நின்னுச்சு. புட்டின் நேர்ல வந்து டிவி கேமரா முன்னாடி முதலாளிங்கள கையெழுத்து போட வச்சாரு. அந்தக் காட்சி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, ஆனா அவங்கள ரோட்டுக்கு இழுத்துட்டு வந்தது ஒரு தண்ணிக் கொழாய்ங்கறத மறந்துட்டாங்க.

வர்குத்தா இன்னும் மோசம். ஆர்க்டிக் நிலக்கரி ஊரு, குலாக்னு சொல்ற கட்டாய வேலை முகாம் கைதிங்க ரத்தத்துல கட்டினது. 1989ல 1 லட்சத்து 15 ஆயிரம் பேரு, 2021 கணக்குல 57 ஆயிரம் சுமாரு. கட்டடத்துல அஞ்சு வீட்டுல ஆள் இருந்தாலும் மொத்தக் கட்டடத்துக்கும் சூடு குடுத்தாகணும், இல்லன்னா கொழாய் வெடிச்சிரும். அதனால மிச்சம் இருக்கறவங்கள ஒரு கட்டடத்துக்கு மாத்தி மத்தத பூட்டறாங்க.

பனிக்காலப்பறவை
சூடுன்னதும் ஞாபகம் வருது. வெளிய மைனஸ் 20, வீட்டுக்குள்ள நாங்க பனியனோட உக்காந்து படிச்சிட்டு இருப்போம், ரேடியேட்டர கை வச்சா பொசுக்கும், குறைக்க ஒரு திருகு கூட இல்ல. எஜே சொல்லுவாங்க ஃபோர்த்தச்காவ தொறந்து விடுன்னு, பெரிய ஜன்னல்ல மேல இருக்கற சின்ன கதவு. எல்லா வீட்டுலயும் அது தொறந்தே இருக்கும், தெருவ நாங்க சூடாக்கிட்டு இருந்தோம். கோடைல ஒரு ரெண்டு வாரம் சுடுதண்ணியே வராது, கொழாய் சோதனைன்னு நோட்டீஸ் ஒட்டுவாங்க. ஏன் ஒரு திருகு வைக்கல?

மேசன்மகள்
ஏன்னா பல கட்டடத்துல அது ஒத்தக் குழாய் முறை. ஊருக்கு ஒரு பெரிய அனல் நிலையம், கரண்டு எடுத்த மிச்சச் சூட்டுல தண்ணி கொதிக்க வச்சு கிலோமீட்டர் கணக்கா குழாய்ல அனுப்பறாங்க. கட்டடத்துக்குள்ள அந்தத் தண்ணி மேல ஏறி, ஒரு வீட்டு ரேடியேட்டர் வழியா கீழ் வீட்டுக்கு, அதுக்கும் கீழ் வீட்டுக்குன்னு எறங்கும். நீங்க 7வது மாடில மூடினா 6வது மாடி ஆளு செத்தான். மீட்டரும் வைக்க முடியாது, பில்லு கட்டலன்னு ஒருத்தன மட்டும் நிறுத்தவும் முடியாது. 90கள்ல எல்லாத்தையும் சந்தை விலைக்கு மாத்தணும்னு வெளிநாட்டு ஆலோசகர்கள் வந்து நின்னாங்க, இந்தக் குழாய் கிட்ட வந்ததும் முட்டி நின்னுட்டாங்க. காகிதத்துல வீட்ட 36ஆ பிரிக்கலாம், இந்தக் குழாய பிரிக்க முடியல.

ஒரே எடத்துல இருந்து சூடு வந்தா ஆபத்தும் ஒரே எடத்துலதான். 2018 ஜனவரில கடும் குளிர்ல பிஷ்கெக் அனல் நிலையம் பழுதாகி ஊரே நடுங்குச்சு. தம்பி நீங்க அதுக்கு முந்தின வருசமே வந்துட்டீங்க.

சந்தேகப்பேர்வழி
மேடம் ஒரு கேள்வி. அந்தப் பக்கமெல்லாம் நிலநடுக்கம் வர்ற எடமாச்சே, இந்தப் பலகைய ஒட்டுன வீடு தாங்குமா?

மேசன்மகள்
எல்லாரும் இப்படித்தான் நெனைப்பாங்க, நடந்தது வேற. 1988 டிசம்பர் 7, ஆர்மீனியா. லெனினகான், இப்ப கியூம்ரி. அங்க பொலபொலன்னு விழுந்தது 9 மாடி சட்டக வகைக் கட்டடங்க, அதாவது தூணும் உத்திரமும் தனித்தனியா செஞ்சு சைட்டுல இணைச்சது. பெரிய பேனல் வச்ச கட்டடம் அதே ஊருல பெரும்பாலும் நின்னுச்சு, ஏன்னா ஒவ்வொரு செவுரும் பாரம் தாங்குது, பொட்டி மாதிரி ஒண்ண ஒண்ணு புடிச்சுக்குது. சுமாரு 25 ஆயிரம் பேரு போனாங்க. இணைப்பு வேலையோட தரமும் மோசம், அந்தப் பகுதிக்குப் போட்ட நடுக்கக் கணக்கும் கம்மி.

தாஷ்கண்ட் 1966 ஏப்ரல் 26 இன்னொரு கதை. நம்ம சாஸ்திரி அங்க தவறினது அந்த வருசம் ஜனவரி 11, மூணரை மாசம் கழிச்சு விடியக்காலைல பூமி ஆடுச்சு. பழைய மண் வீடுங்க நொறுங்கி லட்சக்கணக்கானவங்க தெருவுக்கு வந்தாங்க. எல்லாக் குடியரசுல இருந்தும் கட்டட ஆளுங்க ரயிலேறி வந்து ஆளுக்கு ஒரு பகுதி கட்டினாங்க. பேனல் கட்டடத்தோட பக்கச் செவுத்துல ஜார்ஸ்கி சகோதரர்கள் பண்ணின மொசைக் இன்னிக்கும் இருக்கு, நட்சத்திரக் கோலம், பருத்திப் பூன்னு 4 மாடி உயரத்துக்கு. ஒரே மாதிரி வீடு தீப்பெட்டின்னு சொன்ன ராஜபாட்டை அண்ணன் அதப் போய் பாக்கணும்.

ஊர்சுத்தி
ஜார்ஜியா தலைநகர் திபிலிசில ஒரு மாசம் இருந்தேன். நீங்க சொல்ற அந்தக் கதவு கோடு அங்க வெளிய பிதுங்கி நிக்குது. 90கள்ல ஜனங்க பேனல் கட்டடத்து வெளிப்பக்கமா இரும்புச் சட்டம் ஊனி ஒரு ரூமையே ஒட்ட வச்சிருக்காங்க, மூணாவது மாடிக்காரர் செங்கல், நாலாவது மாடிக்காரர் தகரம், அஞ்சாவது ஆளு வெறும் சட்டத்தோட நிப்பாட்டிட்டாரு. மத்தியச் சூடாக்கல் அங்க 90கள்ல மொத்தமா நின்னுபோச்சு, மண்ணெண்ணெய் அடுப்பு வச்சு ஜன்னல் வழியா புகைக்கொழாய் விட்டாங்க. லிஃப்ட்டு ஓடுச்சு, ஆனா உள்ள ஒரு உண்டியல், காசு போட்டாத்தான் மேல ஏறும். மொதல்ல எனக்குக் கோவம் வந்துச்சு, அப்புறம் யோசிச்சா பறவை சார் கட்டடத்து லிஃப்ட்டு நின்னேபோச்சு, இது ஓடுதே.

ராஜபாட்டை
சரி, நான் கொஞ்சம் எறங்கி வரேன். ஆனா மாஸ்கோல அந்த 5 மாடிக் கட்டடத்தையெல்லாம் இடிக்கறாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க? நல்லதுதானே?

வால்காவாசி
2017ல ஆரம்பிச்சது, 5000க்கு மேல கட்டடம், சுமாரு பத்து லட்சம் பேரு. கட்டடத்துல மூணுல ரெண்டு பங்கு பேரு சரின்னா மொத்தமும் இடிபடும், நீங்க வேணாம்னாலும். அந்த வருசம் மே மாசம் ஆயிரக்கணக்கானவங்க எதுத்துப் போராடினாங்க. நிறைய பேரு சந்தோசமாவும் ஓட்டு போட்டாங்க, செவுத்து இடுக்குல குளுரு அடிக்குது, லிஃப்ட்டு இல்லாம வயசானவங்க எறங்கவே முடியலன்னு. ரெண்டு பேரும் சொல்றது உண்மை.

எனக்கு வருத்தம் வேற எடத்துல. நான் குடியிருந்த பக்கத்துக் கட்டடம் போயிருச்சு. 60 வருச லிண்டன் மரம், அஞ்சு மாடிக்கு மேல வளந்து ஜூன்ல தேன் வாசன அடிக்கும், அதுக்குக் கீழ பெஞ்சுல பாட்டிங்க, புள்ளைங்க ஊஞ்சல். த்வோர்னு சொல்லுவாங்க, நம்ம ஊர் முத்தம் மாதிரி. இப்ப 20 மாடிக்கு மேல புதுக் கட்டடம், வீடு பெருசு, சூடா இருக்கு, அடியில கார் நிறுத்தறாங்க. மரத்துக்கு எந்த சட்டத்துலயும் ஓட்டு இல்ல. பறவை தம்பி கேட்டாரு லிஃப்ட்டுக்கு ஏன் காசு போடலன்னு, ஆனா அந்த மரத்துக்கு அங்க குடியிருந்தவங்கதான் தண்ணி ஊத்தி வளத்தாங்க. எல்லாம் யாருக்கும் இல்லாததா போகல.

கார்கிவ்ல_இருந்தவள்
இத்தன நாள் வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன். நான் கார்கிவ்ல நாலாவது வருசம் படிச்சிட்டு இருந்தப்ப 2022 பிப்ரவரில போர் வந்துச்சு. வீடு சால்திவ்கால, பேனல் கட்டடமா கண்ணுக்கெட்டின வரைக்கும் போகும், உக்ரைன்லயே ரொம்பப் பெரிய குடியிருப்புகள்ல ஒண்ணு. அஞ்சு நாளு மெட்ரோ ஸ்டேசன்ல இருந்தோம். 1975ல தொறந்த மெட்ரோ அது. பக்கத்துல ஒரு ஆண்ட்டி, பேரு வேணாம், நாலு வருசமா ஒரே வாசல்ல வந்து போனோம், ஒரு வார்த்தை பேசினதில்ல, அங்கதான் எனக்கு அவங்க பொதினால டீ போட்டுக் குடுத்தாங்க. நம்ம ஊருக்குத் திரும்பி வந்த அப்புறம் படத்துல பாத்தேன், குண்டு விழுந்து கட்டடம் ஒரு பக்கம் வெட்டின மாதிரி தொறந்து கெடக்கு. ஒவ்வொரு மாடிலயும் வேற வேற வால்பேப்பர். ஒருத்தங்க மஞ்சப் பூ, ஒருத்தங்க நீலக் கோடு. வெளிய இருந்து அத்தனையும் ஒரே சாம்பல் கலரா இருந்த கட்டடம். தீப்பெட்டின்னு யாராச்சும் சொன்னா எனக்கு அந்த மஞ்சப் பூதான் வருது, மன்னிச்சிருங்க.

ராஜபாட்டை
தங்கச்சி, அந்த வார்த்தைய நான் திரும்ப எடுத்துக்கறேன். இனிமே சொல்ல மாட்டேன்.

பனிக்காலப்பறவை
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உங்க பதில படிச்சுட்டு நேத்து எஜேக்கு வாட்சப்ல கால் போட்டேன். பாட்டி இப்ப இல்ல, அவங்க வீட்ட பேரன் வித்துட்டானாம். வாசல்ல இரும்புக் கதவு போட்டு நம்பர் லாக் வச்சிருக்காங்க, அதுக்கு 36 வீடும் காசு குடுத்தாங்களாம். லிஃப்ட்டுக்கு மட்டும் கீழ் ரெண்டு மாடிக்காரங்க இன்னும் தரமாட்டேன்றாங்க, நாங்க ஏறறதே இல்ல எங்களுக்கு எதுக்குன்னு. அதனால அப்படியே நிக்குது.

கூரை ஒழுகுறத பத்தி கேட்டேன். 9வது மாடில ரெண்டு வீட்டுக்காரங்க சேந்து தார் ஷீட் போட்டாங்களாம், எஜே மேல ஏறி ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பினாங்க. புது கறுப்பு ஷீட் நீளமா பளபளன்னு கெடக்கு, அவங்க வீட்டுச் செவுரு எங்க முடியுதோ சரியா அந்தக் கோட்டுல கத்தி வச்சு அறுத்த மாதிரி நின்னுபோச்சு. அதுக்கு அங்கிட்டு பழைய ஷீட்டு, வெடிப்பு, அதுல கொஞ்சம் புல்லு மொளைச்சிருக்கு.